துணைக்கு விட்ட பல்லி

எங்கள் ஆட்கள் ஒருவரைத் தனியாகப் படுக்க விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தாலும், பிள்ளை பெற்று வந்தாலும், வீட்டில் யாராவது செத்துப்போனாலும் ஒருவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்துவிடுவார். மொன்றியலுக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. வாடகை வீடுகளில் அறை குறைவு என்பதால் இன்னும் இறுகிப்போனது. தனியாக இருக்கிறவர் பாவம். ஒரு பாவத்தோடு இன்னொரு பாவத்தைச் சேர்த்துவிட்டால் இரண்டு பேருடைய பிரச்சினையும் முடிந்தது என்பது அவர்களுடைய நினைப்பு. ஆட்களுக்குச் செய்தது போதாதென்று எங்கள் வீட்டில் பல்லிக்கும் அதையே செய்தார்கள்.

நான் கலியாணம் கட்டாதவள். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிவைப்பேன், எல்லாம் பொய். இங்கே வந்த நாளிலிருந்து மொன்றியலின் வில்லரேப் பகுதியில் தங்கச்சியின் குடும்பத்தோடுதான் இருக்கிறேன். இரண்டாம் மாடி வீடு. முன்பக்கம் ஹோல், பின்பக்கம் குசினி, இடையில் வரிசையாக அறைகள். தங்கச்சிக்கும் மனுசனுக்கும் ஒன்று, அவர்களுடைய மகள், என் பெறாமகளுக்குப் பின் பல்கனியோடு ஒட்டினாற்போல ஒரு சின்ன அறை, நடு அறை எனக்கு. அதன் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் பார்க்கும். வெளிச்சம் வராது, ஆனால் குளிர்காற்றும் வராது. ஜன்னலுக்குக் கீழே சுவரோடு நீளமாக ஒரு ஹீற்றர். அதன் பக்கத்தில் என் கட்டில். தையல் தொழிற்சாலையில் என் தோள் விட்டுப்போகும்வரை வேலை செய்துவிட்டு, பிறகு வீட்டுச் சமையலை எடுத்துக்கொண்டேன். நடு அறையும் குசினியும் எனக்கு இருந்தன. அது எனக்குப் போதும்.

பெறாமகள் பள்ளிக்கூடம் முடிக்கிற வருடத்தில் ஒரு பல்லியை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளி போட்ட, கைக்குள் அடங்குகிற சிறுத்தைப் பல்லி. கண்ணாடியில் ஏறத் தெரியாது, நிலத்தில்தான் நடக்கும். கண்ணுக்கு இமை உண்டு. வாய் இரண்டு பக்கமும் மேலே வளைந்திருப்பதால் எந்த நேரமும் சிரிக்கிற மாதிரித் தெரியும். தங்கச்சி கத்தினாள், காசு கொடுத்துப் பல்லி வாங்குகிற பிள்ளையை இந்தப் பரம்பரையில் தான் கண்டதில்லை என்றாள். பிறகு வழக்கம்போல அடங்கினாள். பெறாமகளின் அறை பல்கனிக் கதவால் குளிரும் என்பதால் கண்ணாடித் தொட்டி என் அறைக்கு வந்தது.

எனக்கும் முதலில் அருவருப்புத்தான். ஆனால் ஒரே அறையில் இருந்தால் எதையும் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் மின்சாரத்தில் சூடாகிற ஒரு தகடு ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் சூடு, மற்றப் பக்கம் குளிர்ச்சி. சூட்டுப் பக்கத்தில் கவிழ்த்துவைத்த ஒரு மண்சட்டித் துண்டு, அதுதான் அதன் குகை. இந்தப் பல்லிகளுக்கு வயிற்றில் சூடு பட்டால்தான் தின்றது செரிக்குமாம். சூடு இல்லாவிட்டால் எவ்வளவு தின்றும் பிரயோசனமில்லை. கொழுப்பை வாலில் சேர்த்துவைக்கும். வால் தடிப்பாக இருந்தால் பல்லி சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் பெறாமகள் எனக்குச் சொல்லித்தந்தாள். அவள் வகுப்புக்குப் போன நேரங்களில் மாப்புழுவுக்குக் கல்சியம் தூள் பிரட்டி இடுக்கியால் நீட்டுவது என் வேலையானது. பல்லி தலையைச் சரித்துப் பார்த்து, வால் நுனியை ஆட்டி, ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். அதன் வால் என் நடுவிரலை விடத் தடிப்பு. எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

பிறகு மச்சாள் வந்தார். தங்கச்சியின் மனுசனுடைய அக்கா, புருசனை இழந்தவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கர்க்லாண்டில் மகனின் பெரிய வீட்டில் இருந்தார். அங்கே மருமகளோடு ஏதோ சரிவரவில்லை. என்ன என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும் என்று அவருடைய தம்பி கூட்டிவந்தார். கொஞ்ச நாள் என்று எங்கள் வீடுகளுக்குள் வருகிறவர்கள் எவ்வளவு நாள் இருப்பார்கள் என்பதற்கு நானே சாட்சி, அதனால் நான் வாய் திறக்கவில்லை.

நடு அறையில் இரண்டாவது கட்டில் போட்டார்கள். மச்சாளுக்கு முழங்காலில் வாதம். குளிர்காலம் தொடங்கப்போகிறது. ஹீற்றருக்குப் பக்கத்துக் கட்டிலை அவருக்குக் கொடுப்பதுதான் முறை என்று தங்கச்சி சொல்லமுதலே நான் என் துணிகளை எடுத்துவிட்டேன். மனுசனுடைய அக்கா. அவருக்கு இல்லாத கட்டில் யாருக்கு? என் கட்டில் கதவோரத்துக்குப் போனது. இரண்டு பேருக்கும் பேச்சுத்துணையாச்சு என்று தங்கச்சி எல்லோருக்கும் சொன்னாள். மாதா கோயிலில் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்திலும் சொன்னாள். கேட்டவர்கள் எல்லோரும் நல்ல விசயம் என்று தலையாட்டினார்கள்.

அதே மாதத்தில்தான் இரண்டாவது பல்லியும் வந்தது. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் ரொறன்ரோவுக்குப் போனது. அவர்களுடைய மகனிடமும் இதே மாதிரி ஒரு பல்லி இருந்தது. பயணத்தில் கொண்டுபோக மனமில்லாமல் எங்களிடம் தள்ளிவிட்டார்கள். இரண்டும் பெட்டைகள். வந்தது பெரிது, வயதும் கூட. பெறாமகள் அதற்கு வேறு தொட்டி வேண்டும் என்றாள். இவை தனியாக இருக்கிற சாதி, சேர்த்து வைக்கக்கூடாது என்று எங்கேயோ வாசித்திருந்தாள். தங்கச்சிக்கு அது மண்டைக்குள் ஏறவில்லை. இவ்வளவு பெரிய தொட்டியில் ஒன்று தனியாகக் கிடந்து காய்கிறது, துணைக்கு ஒன்று கிடைத்திருக்கிறது, இதற்குள் வேறு தொட்டி என்ன தொட்டி என்றாள். பெறாமகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். பெட்டைகள் இரண்டும் சண்டை பிடிக்காது என்று யாரோ சிநேகிதி சொன்னதைக் கேட்டுப் பிறகு இறங்கிவந்தாள்.

உண்மையில் சண்டை வரவில்லை. பெரியது தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தது, சட்டிக் குகைக்குள் போனது, அங்கேயே இருந்துவிட்டது. சின்னது கொஞ்ச நேரம் வெளியே நின்றது. பிறகு அதுவும் உள்ளே புகுந்தது. அடுத்த நாள் காலையில் பார்த்தால் சின்னதின் மேல் பெரியது குறுக்கே படுத்திருந்தது. தலை சின்னதின் தோளில். இரண்டு முகத்திலும் அதே சிரிப்பு. பெறாமகள் படம் எடுத்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினாள். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இதயங்கள் வந்து குவிந்தன. என்ன பாசம் பாருங்கோ என்று ஒரு சித்தி எழுதியிருந்தா.

அதற்குச் சில நாள் கழித்துத் தங்கச்சி இன்னொரு படம் அனுப்பினாள். நானும் மச்சாளும் ஹீற்றருக்குப் பக்கத்தில் அவருடைய கட்டிலில் இருந்து செபமாலை சொல்லுகிற படம். அதற்கும் இதயங்கள் வந்தன.

என்னைப் பல்லியோடு ஒப்பிட எனக்கு விருப்பமில்லை. அந்த நேரத்தில் ஒப்பிடவும் இல்லை. மச்சாளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லாமல் இருந்ததுதான் பெரிய கரைச்சல். ஒரு சொல் கடுமையாகச் சொன்னதில்லை. என் தோள் வலித்த ஒரு நாள் தைலம் போட்டு உருவிவிட்டார், கை பஞ்சுபோல இருந்தது. ஆனால் அவர் வந்தபிறகு நான் எங்கே திரும்பினாலும் அங்கே அவர் இருந்தார். காலையில் நான் எழும்பமுதல் குசினிக்குள் புட்டு அவிந்துகொண்டிருக்கும். என்னையும் அவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். நீர் இரும் மச்சாள், நான் செய்யிறன் என்பார். எனக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே வேலை அது. அதைக் கருணையோடு வாங்கி வைத்துக்கொண்டவரிடம் என்னத்தைச் சொல்லித் திருப்பிக் கேட்பது? அலுமாரியில் என் சேலைகள் ஒரு மூலைக்கு ஒதுங்கின. தொலைபேசியைச் சத்தமாகப் போட்டுவிட்டுப் பிரான்ஸில் இருக்கிற தங்கச்சிமாரோடு கதைப்பார். நான் ஹோலுக்குப் போய்விடுவேன். மேசையில் யாராவது எனக்குச் சோறு போட வந்தால், அவ பின்னேரம் தேத்தண்ணியோட பிஸ்கற் சாப்பிட்டவ, பசியிராது என்று எனக்கு முன்னமே பதில் சொல்லுவார். பசி இருக்கிறது என்று அதற்கு மேலே சொல்ல எனக்கு வெட்கம். பிறகு எல்லோரும் எழும்பிப் போனபின் சட்டியில் கிடந்ததைச் சாப்பிடுவேன். சில நாள் அதுவும் வேண்டாம் என்று விட்டுவிடுவேன்.

சட்டைகள் தொளதொளவென்றாயின. தங்கச்சி கண்டுவிட்டு, மெலிந்தது நல்லது, சீனி குறையும் என்றாள். அவளுக்குக் கண் இருக்கிறதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பக்கம் அவளை என்ன சொல்ல? விடிய எழும்பிப் போய், இருட்டின பிறகு வருகிறவள். வீட்டுக்குள் வந்தால் சத்தம் சண்டை இல்லை, சமையல் முடிந்திருக்கிறது, இரண்டு மனுசிகளும் செபமாலையோடு இருக்கிறார்கள். அவளுக்கு அது நிம்மதி.

தொட்டியிலும் இதே நிம்மதிதான். நான்தான் பகல் முழுக்க அந்த அறையில் இருந்தவள், அதனால் எனக்கு முதலில் தெரிந்தது. இடுக்கியில் புழுவை நீட்டினால் சின்னது தலையைச் சரித்துப் பார்க்கும், வால் நுனி ஆடும். பெரியது அங்கே வந்து நிற்கும். கடிக்காது, துரத்தாது, சும்மா வந்து நிற்கும். சின்னது திரும்பிப்போய்விடும். பிறகு பெரியதைப் பிடித்துவைத்துக்கொண்டு சின்னதுக்கு நீட்டிப் பார்த்தேன். அப்போதும் வாங்கவில்லை. சூட்டுக்குப் போகவேண்டுமென்றால் பெரியதுக்குக் கீழே புகவேண்டும். புகுந்தால் அதன் பாரம் முதுகில். கொஞ்ச நாளில் சின்னது குளிர்ந்த பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. தோல் உரிக்கிற நேரத்தில் விரல்களில் பழைய தோல் ஒட்டிக்கொண்டு நின்றது. வால் சுருங்கிச் சுருங்கி, எலும்புக் கணுக்கள் தெரிகிற அளவுக்கு வந்தது.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்த நேரம் நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், எனக்குக் குரல் அப்படி, வீட்டில் எல்லோருக்கும் அதற்கு ஒரு பயம். இந்தச் சின்னது சாகப்போகிறது, பிரித்து வையுங்கள் என்றேன். பெறாமகளுக்கு அப்போது பரீட்சைக்காலம், புத்தகத்தோடு கிடந்தாள். ஓடிவந்து பார்த்து முகம் கறுத்துப்போனாள். தங்கச்சி எட்டிப் பார்த்தாள். அதுகள் சண்டை ஒண்டும் பிடிக்கேல்லையே, ஒண்டாப் பழகியிடும் என்றாள். மச்சாள் கட்டிலில் இருந்தபடி என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார். குளிர்காலத்தில் எல்லா உயிரும் கொஞ்சம் மெலியும்தானே என்றார். அவர் குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

சண்டை பிடிக்காததுதான் பிழை என்று எனக்கு வாய்வரை வந்தது. அதற்கு மேலே ஒரு சொல் சொன்னால் பிறகு பல்லியைப் பற்றிப் பேசுகிறேனா என்னைப் பற்றிப் பேசுகிறேனா என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் நான் என்ன செய்வேன்? இது என் வீடு இல்லை. எனக்கு வேறு வீடும் இல்லை. வாயை மூடிக்கொண்டு குசினிக்குப் போனேன். அங்கேயும் எனக்குச் செய்ய ஒன்றுமிருக்கவில்லை, வெங்காயம்கூட உரித்து முடிந்திருந்தது.

பிறகு ஒரு நாள் மத்தியானம், நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது தொட்டிக்குள் ஒரு சின்ன அடிபாடு கேட்டது. போய்ப் பார்த்தால் வால் தனியாகத் துடித்துக்கொண்டு கிடந்தது. சின்னது கிண்ணத்துக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றது, பின்பக்கம் சிவப்பாக. முதுகில் கடித்த தடம். பெரியது குகை வாசலில் இருந்தது, முகத்தில் அதே சிரிப்பு. மடித்த உடுப்பைப் போட்டுவிட்டுத் தொலைபேசியில் பெறாமகளைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஒரு பல்லிக்காக இப்படியா என்று யாரும் கேட்கலாம். நான் அன்றைக்கு அழுதேன், அழுதது பல்லிக்காகத்தான்.

பெறாமகள் பாதி வகுப்பில் ஓடிவந்தாள். ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியர் நகரத்தின் மற்றப் பக்கத்தில். அன்றைக்கு வெளியே மூக்கு விறைக்கிற குளிர். ஒரு காலுறைக்குள் அரிசியைப் போட்டு மைக்ரோவேவில் சூடாக்கி, துவாயால் சுற்றி, ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் பல்லியோடு வைத்தோம். பெட்டியை என் குளிர் உடுப்புக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மெட்ரோவில் ஏறினேன். கொஞ்ச நேரத்தில் அது அந்தக் காலுறையின் மேல் தட்டையாகப் படுத்துவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் அதற்குக் கிடைத்த முதல் சூடு அதுவாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருந்த மனுசி என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தா. நான் சிரிக்கவில்லை.

வைத்தியர் ஒரு இளம் பெண், பிரெஞ்சில் கெதியாகக் கதைத்தார், எனக்குப் பிடிபடவில்லை. கையுறை போட்டுக் காயத்தைத் துடைத்தார், தராசில் வைத்தார், வாய்க்குள் பார்த்தார். பெறாமகள் ஒன்றிரண்டு கேள்வி கேட்டாள், பிறகு கேட்பதை நிற்பாட்டிவிட்டாள். அவளுடைய கண் நிறைந்துகொண்டு வந்தது. அந்தப் படத்தைத் தொலைபேசியில் எடுத்து வைத்தியரிடம் காட்டினாள், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்த படம். வைத்தியர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி மெல்லச் சொன்னார். என்ன சொல்லுகிறார் என்று நான் கேட்டேன்.

"அவை கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்கேல்லையாம், பெரியம்மா. சூடு ஒரு இடத்திலைதான் இருக்கு. பெரிசு அதை மறைச்சு வைச்சிருக்காம். மேலை படுக்கிறது பாசம் இல்லையாம், இது என்ரை இடம் எண்டு சொல்லுறதாம்."

வைத்தியர் இன்னும் ஏதோ சொல்ல, அதையும் சொன்னாள்.

"கடிக்காட்டிலும் இது சண்டைதானாம். கடிக்கிறது கடைசியாத்தானாம்."

நான் தலையாட்டினேன். இதைச் சொல்ல ஒரு வைத்தியர் வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இரண்டு பல்லிகளுக்கும் இது கஷ்டம்தானாம், பெரியதும் எந்த நேரமும் காவல் காத்துக்கொண்டு பயத்தோடேதான் இருக்குமாம், இதுவும் பெறாமகள் சொன்னதுதான். அதை நான் அந்த நேரம் காதில் போடவில்லை. பெரியதுக்காகக் கவலைப்படுகிற மனநிலை எனக்கு இருக்கவில்லை.

அன்றே பிரித்தார்கள். சின்னதை அந்தப் பிளாஸ்ரிக் பெட்டியிலேயே, அடியில் கடதாசித் துவாய் விரித்து, குசினியில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு சின்னச் சூட்டுத் தகடும் அடியில். நான் காலையும் மாலையும் மருந்து பூசினேன். முதல் கொஞ்ச நாள் அது செத்ததா இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு ஒரு காலை இடுக்கியில் புழுவை நீட்டினேன். தலையைச் சரித்தது. ஆட்டுவதற்கு வால் இல்லை. அப்படியே பாய்ந்து பிடித்தது. நான் வாய்விட்டுக் கத்தினேன், மச்சாள் பயந்துபோய்க் குசினிக்குள் வந்தார்.

பனி கரையத் தொடங்குகிற நேரத்துக்குள் சின்னது தேறிவிட்டது. வால் இருந்த இடத்தில் ஒரு மழுங்கல் உருண்டை வந்தது, புள்ளியும் இல்லை, வடிவும் இல்லை, ஆனால் தடிப்பு. தங்கச்சி வருகிறவர்கள் எல்லோரையும் குசினிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். இதுகளுக்குத் தனி இடம் வேணும், எங்களுக்கு முந்தித் தெரியாமல் போச்சு என்று அவளே இப்போது வகுப்பெடுத்தாள். ஒரே தொட்டிக்குள் இரண்டு உயிரை விடுவது எவ்வளவு பாவம் என்று கோயில் கோப்பி மேசையிலும் சொன்னாள். கேட்டவர்கள் அதற்கும் தலையாட்டினார்கள்.

சரியான தொட்டி ஒன்று வாங்கினார்கள், முதலாவதைப் போலவே பெரியது. அதை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசைக்குப் போய்வந்து சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருந்த நேரம் கதை வந்தது. குசினியில் சமையல் ஆவி, எண்ணெய், கூடாது. ஹோலில் வாசல் கதவு திறக்கத் திறக்கக் குளிர்காற்று. பெறாமகளின் அறை முதலே சரிவராது. நடு அறைதான் ஒத்துவரும். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று கண்ணாடியால் பார்த்துப் பயப்படுமாம், மற்றச் சுவரோடுதான் வைக்கவேண்டும். மற்றச் சுவரோடு கிடந்தது என் கட்டில்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். ஹோலில் இருக்கிற சோபாவை விரித்தால் கட்டில்தானே என்றாள். ரி.வி.யும் இருக்கிறது, கால் நீட்டிப் படுக்கலாம், கொஞ்ச நாளைக்குத்தான். அவள் முகத்தில் கள்ளமில்லை. பாசமாகத்தான் கேட்டாள், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வாசல் கதவால் வருகிற குளிர்காற்றைப் பற்றிச் சற்றுமுன் சொன்னதும் அவள்தான். பல்லிக்கு ஆகாத இடம் என்று சொல்லி அதன் மூச்சு அடங்கமுதல் என்னை அங்கே போகச் சொல்லுகிறோம் என்பது அவளுக்குப் படவேயில்லை.

நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னேன்.

"எனக்கும் ஒரு தொட்டி வாங்கித் தா."

முதலில் தங்கச்சி சிரித்தாள். அவளுடைய மனுசன் சிரித்தார், மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பெரியம்மா சரியான பகிடி என்று பெறாமகளும் சிரித்தாள். அவளாவது விளங்கிக்கொள்வாள் என்று நான் நினைத்திருந்தேன். இவ்வளவு நாளும் என் சத்தத்துக்குப் பயந்திருந்த வீடு நான் ஒரே ஒரு முறை உண்மையைச் சொன்னபோது வயிறு பிடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு குனிந்திருந்தார்.

அன்று பின்னேரமே என் கட்டிலைக் கழற்றினார்கள். தொட்டியை வைத்து, மணல் இல்லாமல் ஓடு விரித்து, குகை வைத்து, சூட்டுத் தகட்டின் வயரைச் சுவரில் செருகினார்கள். சின்னது அதற்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவந்து குகைக்குள் தட்டையாகப் படுத்தது. எல்லோரும் பார்த்து மகிழ்ந்து போன பிறகு நான் என் போர்வையையும் தலையணையையும் எடுக்க அறைக்குள் வந்தேன். மச்சாள் தன் கட்டிலில் கால் மடக்கி இருந்தார். செபமாலை கையில் இருந்தது, சொல்லவில்லை.

"நீர் பகிடிக்குச் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும்," என்றார்.

நான் தலையணை உறையைச் சரிசெய்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கர்க்லாண்டிலை நானும் கடைசியாத்தான் சாப்பிடுறனான். சட்டியிலை கிடக்கிறதை. மருமகள் ஒரு நாளும் ஏசினதில்லை. மாமிக்குப் பசியில்லை எண்டு அவவே சொல்லிப்போடுவா." செபமாலையில் ஒரு மணியை உருட்டினார். "அங்கை நான்தான் சின்னது, மச்சாள்."

இந்த மனுசிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வந்த நாளிலிருந்து தெரிந்திருக்கிறது. நான் சாப்பிடாமல் எழும்பியதும், அலுமாரியில் என் சேலை ஒதுங்கியதும், குசினி என் கையைவிட்டுப் போனதும் எல்லாம் கண்ணால் பார்த்து, அது எப்படி நோகும் என்றும் தெரிந்து, அந்த இடத்திலேயே இருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் வந்தது, அதுதான் இன்னும் போகவில்லை. எழும்பி வந்து என் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். இந்தக் கட்டிலை நீர் எடும் என்று ஒருவேளை சொல்லுவார் என்றும் நினைத்தேன். சொன்னால் நான் வேண்டாம் என்றிருப்பேன். ஆனால் சொல்லுவார் என்று நினைத்தேன்.

மச்சாள் ஹீற்றர் பக்கமாகச் சரிந்து படுத்து, போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார்.

"போகேக்கை கதவைச் சாத்திவிட்டுப் போம்," என்றார். "சூடு வெளியிலை போகுது."

நான் தலையணையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.